கியர்பாக்ஸை இறக்கும் முன்: லீவர் புஷ் மாற்றுதல்

இன்ஜினை அணைத்துவிட்டு மூன்றாவது கியரைப் போடுங்கள். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, லீவரின் குமிழை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். எந்தக் காரிலும் கொஞ்சம் அசைவு இருக்கும், அது குறையல்ல. ஆனால் கியரில் விழுந்த லீவரும் நியூட்ரலில் நிற்கும் லீவரும் கைக்கு ஒன்றாகவே தெரிகின்றன, எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதை வண்டியை நகர்த்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றால், இந்த அத்தியாயம் உங்களுக்கானது.

இப்படி ஆடும் லீவரோடு பட்டறைக்குப் போனால், "கியர்பாக்ஸை இறக்கித்தான் சார் பார்க்கணும்" என்ற பதில் கிடைக்கக்கூடும். இறக்குவது என்றால் ஆயிலை வடிக்க வேண்டும், டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், இன்ஜினுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இறக்கியதுதான் இறக்கியாயிற்று, கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாமே என்று பேச்சு நீளும். லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள ஒரு நைலான் வளையம் தேய்ந்ததற்காக இவ்வளவு செலவு செய்பவர்கள் உண்டு. அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றியது. புஷ் மாற்றுவது சிரமமான வேலை அல்ல; எந்தப் புஷ் என்று கண்டுபிடிப்பதில்தான் பொறுமை வேண்டும்.

லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை

உதாரணத்துக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. இன்றும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் வீட்டு வாசல்களிலும் நிற்கிறது. உதிரி பாகமும் கிடைக்கிறது. வேலை கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான கார் கிடையாது. இதில் கியர் மாற்றுவது ராடு மூலம். அதே அமைப்பு கொண்ட வேறு கார்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும். கேபிள் மூலம் கியர் மாறும் கார்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் கையில் பிடிக்கும் லீவர், தரைத் தகட்டின் அடியில் ஓர் உருண்டையாகத் தடித்து, நைலான் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருண்டைதான் லீவர் திரும்பும் மையம். உருண்டைக்குக் கீழே லீவரின் வால் கொஞ்சம் நீண்டிருக்கும். அந்த வாலின் துளை வழியாக ஒரு போல்ட் போய், முன்புறம் கியர்பாக்ஸை நோக்கி ஓடும் கியர் ராடோடு அதைப் பிணைக்கிறது. ராடின் மறுமுனை, கியர்பாக்ஸிலிருந்து வெளியே தலைநீட்டும் ஷாஃப்டோடு இன்னொரு மூட்டில் சேர்கிறது. நீங்கள் லீவரை முன்னே தள்ளினால் ராடு பின்னே வரும். லீவரைப் பக்கவாட்டில் சாய்த்தால் ராடு தன் அச்சிலேயே உருளும். தள்ளுவதும் உருள்வதும் என்ற இந்த இரண்டு அசைவை வைத்துத்தான் எல்லாக் கியரும் விழுகின்றன.

இரண்டாவதாக ஒரு ராடும் உண்டு. அது கியரை மாற்றுவதில்லை. லீவர் உட்கார்ந்திருக்கும் கூட்டைக் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடித்திருக்கும் தாங்கு ராடு அது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் தொங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் குலுங்கித் திரும்பும். லீவர் கூடு பாடியோடு மட்டும் இறுகியிருந்தால் இந்தக் குலுக்கல் ஒவ்வொன்றும் கியர் ராடை இழுக்கும், கியர் நழுவும். தாங்கு ராடு இருப்பதால் இன்ஜின் அசையும்போது லீவர் கூடும் கூடவே அசைகிறது. இதன் முனையில் இருப்பது ரப்பர் புஷ். லீவர் புஷ்ஷை மாற்றுகிறவர்களில் பலர் இதை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இரும்பும் இரும்பும் நேராக உராயாமல் இருக்க ஒவ்வொரு மூட்டிலும் புஷ் வைத்திருக்கிறார்கள். தேய வேண்டியது அதுதான். போல்டும் ராடும் தேயாமல் மலிவான பாகம் தேய்ந்துபோகட்டும் என்பதே ஏற்பாடு. தேய்மானத்தை விரைவுபடுத்துவது வெப்பமும் மண்ணும் நீரும். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போகும் கார்களில் ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். தேங்கிய மழைநீரில் ஓட்டிய வண்டியில் கிரீஸ் கழுவப்பட்டு, அந்த இடத்தில் நைசான மணல் போய் உட்காரும். அதன்பின் ஒவ்வொரு கியர் மாற்றமும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான்.

ஒரு மில்லிமீட்டர் நான்காவது எப்படி

உருண்டைக்கு மேலே லீவர் 24 செ.மீ., கீழே வால் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் நுனியில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் குமிழில் அது 4 மி.மீ. ஆகிறது. கியர்பாக்ஸ் முனையின் மூட்டில் இன்னொரு 1 மி.மீ. இருந்தால் அதுவும் சேர்ந்து 8 மி.மீ. ஒவ்வொரு புஷ்ஷையும் தனியாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் "இது நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். கண்ணுக்கு 1 மி.மீ. தேய்மானம் பெரிதாகத் தெரியாது. ஆட்டம் மூட்டுக்கு மூட்டு கூடுகிறது, பிறகு லீவரின் நீளத்தால் பெருகுகிறது. ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டுப் பலன் போதவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். இருக்கும் புஷ் எல்லாம் ஒரே வயது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஆட்டம் கையை உறுத்துவதோடு நிற்பதில்லை. ராடு போகும் தூரம் குறையும்போது அதை ஈடுகட்ட நீங்கள் லீவரை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறீர்கள். ஒரு கட்டத்தில் லீவர் கன்சோலின் விளிம்பிலோ டேஷ்போர்டிலோ முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் தள்ள இடமில்லை. கியர் முழுதாக விழாமல் பாதியில் நிற்கிறது. பாதிப் பிடிப்பில் ஓடும் கியரின் பற்கள் முனை மழுங்கும். மேடு ஏறும்போது அல்லது ஆக்சிலரேட்டரை விடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வரும். அப்போது கியர்பாக்ஸை உண்மையிலேயே இறக்க வேண்டியதுதான். சில நூறு ரூபாய் புஷ்ஷை அசட்டையாக விட்டதன் விலை அது.

ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியர் கம்பி கொண்ட பழைய அம்பாசடரை ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கம்பிகளின் மூட்டுகள் தேய்ந்தால் இரண்டு கியருக்கு நடுவில் லீவர் சிக்கி நிற்கும். டிரைவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, கம்பியைக் கையால் தட்டி விடுவித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்காருவார். அதை அந்த வண்டியின் சுபாவம் என்றே எடுத்துக்கொண்டார்கள். புஷ்ஷை மாற்றியிருந்தால் சுபாவம் மாறியிருக்கும்.

குறை புஷ்ஷில்தானா?

கியர் சரியில்லை என்று சொல்லும்போது நாம் நான்கு வேறு நோய்களுக்கு ஒரே பெயர் வைக்கிறோம். பிரித்துப் பார்க்க இன்ஜினை அணைத்தும் ஓடவிட்டும் சோதிக்க வேண்டும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுகின்றன, ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடிக்கின்றன அல்லது கரகரக்கின்றன என்றால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளைச் சரிபார்த்து, பெடலின் ஃப்ரீ பிளேயைச் சரிசெய்யுங்கள். புஷ்ஷைத் தொட வேண்டாம். ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, போடும்போதெல்லாம் கரகரத்து மற்றவை ஒழுங்காக விழுந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சங்கதி. ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது லீவரே முன்னும் பின்னும் தலையாட்டினால் இன்ஜின் மவுண்டிங்கையும் தாங்கு ராடின் ரப்பரையும் சந்தேகப்படுங்கள்.

இன்ஜின் அணைந்திருந்தாலும் ஓடினாலும் லீவர் ஒரே மாதிரி தொளதொளவென்று இருக்கிறது. கியரைத் தேட வேண்டியிருக்கிறது. முதல் கியர் என்று போட்டது மூன்றாவதாக விழுகிறது. இவைதான் புஷ் தேய்ந்ததன் அடையாளம். ஐட்லிங்கில் லீவர் சலசலத்து, மேலே கை வைத்ததும் சத்தம் நின்றால் உருண்டையின் நைலான் கிண்ணமும் போயிருக்கிறது.

எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். வண்டியைப் பிட் மேல் நிறுத்துவது உத்தமம். பிட் இல்லையென்றால் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, பாடியின் பலமான இடத்தில் இரண்டு ஸ்டாண்ட் கொடுத்து, அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, பாரத்தில் திடீரென்று பொடியும். சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சைலன்சர் ஆறும்வரை காத்திருங்கள்.

இப்போது உள்ளே இருப்பவர் லீவரை ஆட்ட எல்லைக்குள் மட்டும், கியரை மாற்றாமல், மெல்ல முன்னும் பின்னும் அசைக்கட்டும். நீங்கள் டார்ச் அடித்து வாலிலிருந்து கியர்பாக்ஸ் வரை ராடைத் தொடர்ந்து பாருங்கள். அசைவு எந்த மூட்டில் தொடங்கி அடுத்த பக்கம் போகாமல் நின்றுவிடுகிறதோ அங்கே ஆட்டம். ஒவ்வொரு மூட்டிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரு பாகத்தின் மேலும் சேர்த்து வையுங்கள். கண்ணுக்குத் தப்பும் அரை மில்லிமீட்டர் விரலுக்குத் தப்பாது. பிறகு பக்கவாட்டு அசைவுக்கும் இதையே செய்யுங்கள். தள்ளும்போது இறுக்கமாக இருந்து உருளும்போது தொளதொளக்கும் மூட்டுகளும் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டையும் தனியாகப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அதுவே துளைக்குள் ஆடினால், சுற்றிலும் ஆயில் கசிந்தால், ஆட்டத்தின் ஒரு பங்கு கியர்பாக்ஸுடையது. புஷ் மாற்றினாலும் அந்தப் பங்கு மீதமிருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பாகம் வாங்குவது

வண்டியின் மாடலும் ஆண்டும் சொல்லி "கியர் லீவர் புஷ் கிட்" என்று கேளுங்கள். முடிந்தால் பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். சென்னையில் ஜி.பி. ரோடில் புதிய உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியவை கிடைக்கும். ராடு, லீவர், கூடு போன்ற இரும்புப் பாகங்களைப் புதுப்பேட்டையில் வாங்கலாம். புஷ்ஷை ஒருபோதும் பழையதாக வாங்க வேண்டாம்.

கிட்டில் நைலான் புஷ்களோடு எஃகு ஸ்லீவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீவ் இல்லாத கிட்டை நான் வாங்க மாட்டேன். காரணம் பின்னால் வரும். டூப்ளிகேட்டில் துளை நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும், விளிம்பில் பிசிறு இருக்கும். வெர்னியர் இருந்தால் சுவரின் தடிமனை நான்கு இடத்தில் அளந்து பாருங்கள்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நைலான் மலிவு, சத்தமில்லாதது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும். டெல்ரின் என்று கடைசல்காரர்கள் சொல்லும் அசெட்டால் பிளாஸ்டிக் அவ்வளவாக உப்பாது, தேய்மானமும் குறைவு. பாலியூரித்தேன் புஷ் ரப்பரைவிடக் கெட்டி. கியர் விழுவது கைக்குத் துல்லியமாகத் தெரியும், அதோடு இன்ஜினின் அதிர்வும் லீவருக்கு ஏறிவரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். தினமும் ஊருக்குள் ஓட்டும் காருக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கிட் கிடைக்காத பழைய மாடல் என்றால் லேத் பட்டறை இருக்கவே இருக்கிறது. டெல்ரின் ராடில் கடையச் சொல்லுங்கள். பித்தளையிலும் கன்மெட்டலிலும் கடைந்து தருவார்கள். உழைக்கும், ஆனால் கிரீஸ் தவறினால் போல்டைத் தின்னும், கியர்பாக்ஸின் இரைச்சலை உள்ளே கொண்டுவரும். நைலானில் கடைந்தால் உட்துளையைக் கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லுங்கள். ஆடி மாதத்தில் சரியாகப் பொருந்தியது ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும்.

கழற்றுவது

முந்தைய நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு தடவை. 10, 12, 14 எண் ஸ்பானரும் சாக்கெட்டும், பிளையர், சுத்தியல், போல்டைவிடச் சற்று மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்று, கம்பி பிரஷ், உப்புத்தாள், புதிய ஸ்பிளிட் பின், புதிய நைலாக் நட்டு ஆகியவற்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியரை நியூட்ரலில் வைத்து மூட்டுகளைச் செல்போனில் நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்டின் தலை எந்தப் பக்கம், வாஷர் எந்த வரிசை என்பது மாட்டும்போதுதான் சந்தேகம் வரும். ராடும் ஷாஃப்டும் கிளாம்ப் போட்டு இறுக்கிய மாடலாக இருந்தால், இரண்டின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். இந்தக் கோடு இல்லாமல் கழற்றினால், மாட்டிய பிறகு லீவரின் நியூட்ரல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஏதோ ஒரு கியர் விழாது. பிறகு அதைச் சரிசெய்ய அரை நாள் போகும்.

மேலே குமிழைத் திருகிக் கழற்றி, பூட் எனப்படும் ரப்பர் உறையை உருவுங்கள். உறை கிழிந்திருந்தால் அதற்கும் புதிது வாங்குங்கள். மண் உள்ளே வரும் வழி அது. அடியில் போய் வாலில் உள்ள போல்டின் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றுங்கள். போல்ட் வராவிட்டால் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டுங்கள். நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை மழுங்கும்.

ராடு விடுபட்டதும் பழைய புஷ்ஷை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். பல சமயம் துண்டு துண்டாக வரும், சில சமயம் புஷ் இருந்த இடத்தில் மண் மட்டும் இருக்கும். இங்கே அவசரப்படாமல் மூன்று இடங்களைப் பாருங்கள். போல்டின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதா? ஸ்லீவ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா? புஷ் உட்காரும் துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா? போல்டும் ஸ்லீவும் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிவிடலாம். துளை நீள்வட்டமாகிவிட்டால் அதில் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் நிற்காது. அந்த ராடையே மாற்றுங்கள். அல்லது லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, வெளிவிட்டம் கூடிய புஷ் கடைந்து போடச் சொல்லுங்கள். துளைக்குள் தகடு வெட்டிச் சொருகுவதும், புஷ்ஷைச் சுற்றி சைக்கிள் டியூப் சுற்றுவதும் நடக்கின்றன. ஒரு மாதம் தாங்கும்.

தாங்கு ராடின் ரப்பரையும் இப்போதே கழற்றிப் பாருங்கள். விரலால் அழுத்தினால் வெடிப்பு திறந்து காட்டினால் மாற்ற வேண்டும்.

மாட்டுவது

துளைகளை டீசலில் கழுவித் துணியால் துடைத்து, துருவை உப்புத்தாளால் எடுங்கள். துளையின் விளிம்பில் கூர் இருந்தால் அதை மழுக்குங்கள். இல்லையேல் புதிய நைலானைச் சீவிவிடும்.

நைலான் புஷ்ஷைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் கொஞ்சம் இளகும். அதே சூட்டில் துளையில் வைத்து அழுத்துங்கள். கையால் போகாவிட்டால் ஒரு நீளமான போல்ட், இரண்டு பெரிய வாஷர், ஒரு நட்டு: போல்டைத் துளை வழியாக விட்டு, இருபுறமும் வாஷர் வைத்து நட்டை முறுக்கினால் புஷ் நேராக ஏறும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் விளிம்பு பிளக்கும், அல்லது கோணலாக உட்காரும். ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண கிரீஸைத் தடவினால் இயற்கை ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். நைலானுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் லித்தியம் கிரீஸ் தாராளமாகப் பூசலாம். ரப்பரும் பாலியூரித்தேனும் இருக்கும் இடத்தில் சிலிகோன் கிரீஸ்.

இப்போது ஸ்லீவ். புஷ்ஷின் இரண்டு பாதியும் சேர்ந்த நீளத்தைவிட ஸ்லீவ் ஒரு மயிரிழை நீளமாக இருக்கும், இருக்க வேண்டும். போல்டை முறுக்கும்போது இறுகுவது ஸ்லீவ். புஷ் அதன் மேல் தாராளமாகத் திரும்புகிறது. ஸ்லீவ் இல்லாவிட்டாலோ குட்டையாக இருந்தாலோ போல்ட் நேராக நைலானைப் பிடித்து நசுக்கும். முழுதாக இறுக்கினால் லீவர் மரக்கட்டையாகிவிடும், இளக்கினால் ஆட்டம். இதற்கு நடுவில் ஒரு இறுக்கத்தைக் கண்டுபிடித்து விட்டுவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்த நட்டு ஓடும் வண்டியில் இளகத்தான் செய்யும். எனவே போல்டை முழுதாக முறுக்கியபின் மூட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். மெல்லிய தடையோடு திரும்ப வேண்டும், நீளவாக்கில் ஆடக்கூடாது. பிடித்தால் ஸ்லீவை அளந்து பாருங்கள்; போல்டை இளக்காதீர்கள்.

உருண்டையைத் துடைத்து, புதிய நைலான் கிண்ணத்தில் கிரீஸ் வைத்து உட்காரவையுங்கள். கியர்பாக்ஸ் முனையில் வெள்ளைக் கோடுகளை நேராக்கி இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னும் நைலாக் நட்டும் புதிதாகத்தான் போட வேண்டும்; நிமிர்த்திய பின்னை மறுபடி மடக்கினால் முறியும்.

வண்டியைக் கீழே இறக்கும் முன், இன்ஜின் அணைந்த நிலையில் கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழாவிட்டால் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி போடுங்கள்; பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் அப்படித்தான் இருக்கும். அதன்பிறகும் விழாவிட்டால் கிளாம்ப் நகர்ந்திருக்கிறது. கீழே இறக்கி, இன்ஜினை ஓட்டி, காலியான சாலையில் மேடும் பள்ளமும் கண்டு வாருங்கள். முதல் இரண்டு நாள் லீவர் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். புது நைலான் படிய வேண்டும்.

கேபிள் வண்டிகள்

ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 போன்ற கார்களில் ராடு இல்லை, இரண்டு கேபிள்கள். ஒன்று பக்கவாட்டு அசைவுக்கு, மற்றொன்று முன்பின் அசைவுக்கு. ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் ஒரு வளையம், வளையத்துக்குள் புஷ், அது கியர்பாக்ஸின் மேலுள்ள சிறு லீவரின் பின்னில் மாட்டியிருக்கும். இதற்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியையோ பேட்டரியையோ எடுத்தால் கைக்கு எட்டும். சோதனை அதேதான்: உள்ளே ஒருவர் அசைக்க, நீங்கள் நுனியைப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டுக் கேபிளின் புஷ் போனால் நடு வரிசைக் கியர்கள் விழும், ஓர வரிசை விழாது. முன்பின் கேபிள் போனால் எதுவுமே விழாது. ஷோரூமில் கேபிளை முழுதாகத்தான் விற்பார்கள். புஷ் மட்டும் வெளிக்கடையில் கிடைக்கும். கேபிளின் உறை வெடிக்காமல், உள்கம்பி தடையில்லாமல் ஓடினால் புஷ் மட்டும் மாற்றினால் போதும். கேபிளே இறுகியிருந்தால் புஷ்ஷில் செலவழிக்க வேண்டாம். வளையத்தைப் பின்னிலிருந்து நெம்பும்போது அகலமான ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நேராகத் தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கேபிள் மடியும். மடிந்த கேபிள் மறுபடி நேராகாது.

ஓடும் வழியில் வளையம் கழன்று லீவர் உயிரற்று ஆடினால் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறவுங்கள். வளையத்தைப் பின்னில் வைத்து இரண்டு பிளாஸ்டிக் டையால் இழுத்துக் கட்டினால் வீடுவரை போகலாம். டை இல்லாவிட்டால், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியர்பாக்ஸின் சிறு லீவரைக் கையால் தள்ளி இரண்டாவது கியரில் வைத்து, பானெட்டை மூடி, கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்து அதே கியரில் மெல்லப் போகலாம். இன்ஜின் ஓடும்போது அங்கே கையை விடக்கூடாது. ரிவர்ஸ் கிடையாது என்பதை மனதில் வைத்து, நிறுத்தும் இடத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

புஷ் மாற்றி 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை அடியில் எட்டிப் பார்த்து, ஸ்பிளிட் பின் இருக்கிறதா, நட்டு அசைந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தும் குமிழில் ஆட்டம் மிச்சமிருந்தால், அது நீங்கள் முன்பு கியர்பாக்ஸ் ஷாஃப்டில் விரல் வைத்துக் கண்ட பங்கு. அது கியர் விழுவதையும் நிற்பதையும் கெடுக்கவில்லை, ஆயிலும் கசியவில்லை என்றால் அப்படியே ஓட்டலாம். கிளட்ச் பிளேட் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்கும் நாளில் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.